அணைக்கட்டுக் கல்லுக்குப் போகாத நாள்

என் முப்பத்தோரு வருஷ சர்வீஸில் நான் எழுதிய பொய் ஒன்றே ஒன்றுதான். லீவு லெட்டர்களைச் சேர்க்காமல் சொல்கிறேன். அவற்றில் எனக்கு வந்த காய்ச்சல்களை எந்த டாக்டரும் நம்பியிருக்க மாட்டார். நான் சொல்வது நிலமட்டம் அளந்து குறிக்கும் லெவல் புத்தகத்தில் எழுதிய பொய். ஒரே ஒரு எண். அதை எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

போன மாதம்வரை அதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. உத்திரமேரூரில் மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்று நடந்தது. ஆறு, ஏரி, வரத்துக்கால்வாய் இவற்றை அளந்து சீர் செய்யும் வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கான முகாம். ரிடையர் ஆன பழைய ஒர்க் இன்ஸ்பெக்டர் என்ற முறையில் என்னையும் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டார்கள். இப்போது பிள்ளைகள் கையில் இருக்கும் கருவி, பட்டனை அழுத்தினால் மட்டத்தைத் தானே சொல்கிறது, தானே எழுதியும் வைத்துக்கொள்கிறது. நான் என் காலத்து டம்பி லெவலைப் பற்றிப் பேசினேன். கண்ணாடி போட்ட ஒரு பையன் எழுந்து, "சார், எல்லாத்தையும் கையாலதான எழுதுனீங்க? தப்பு வந்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

"தண்ணி சொல்லிடும்ப்பா" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு டீ குடிக்க வெளியே வந்தபோது, முகாமை நடத்திய கோமளா என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். அதற்கப்புறம் டீ எனக்கு இறங்கவில்லை. அவள் சொன்னதை இங்கேயே எழுதிவிட்டால் உங்களுக்குப் புரியாது. நடந்ததை முதலிலிருந்து சொல்லி வருகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. என் அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். அடுப்புப் புகை தன்னோடு போகட்டும் என்று என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்தார். படித்து முடித்ததும் பாசனத் துறையில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். முதல் பத்து வருஷம் புகைக்குப் பதில் வெயில். ஸ்டாஃப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. ஸ்டாஃப் என்பது நான்கு மீட்டர் உயரத்துக்கு நீட்டி நிறுத்தும் அளவுகோல். எதிரே முக்காலியின் மேல் டம்பி லெவல் இருக்கும். அது ஒரு தொலைநோக்கிதான். அதன் பார்வை மட்டும் மேலே கீழே போகாமல் ஒரே மட்டத்தில் ஓடும். பார்வைக் கோடு ஸ்டாஃபில் எந்த எண்ணில் படுகிறதோ அதை எழுதிக்கொள்ள வேண்டும். எண் பெரிதானால் தரை பள்ளம், சிறிதானால் மேடு. பழைய டம்பியில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். ஸ்டாஃப் பிடித்தவன் வானத்தில் காலை ஊன்றித் தொங்கிக்கொண்டிருப்பான். பத்து வருஷம் நான் அப்படித் தொங்கிவிட்டு, அப்புறம்தான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தேன்.

நஸீமா மேடம் எங்கள் செக்‌ஷனுக்கு அசிஸ்டன்ட் இன்ஜினியராக வந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். வாலாஜாபாத் பஜாரில் அவர்கள் குடும்பத்துக்கு இரும்புக் கடை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். முதல் போஸ்டிங். "வெயில் தாங்காது, ஒரே மாசத்துல டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கினு போயிடும் பாரு" என்று ஆபீஸில் பேசிக்கொண்டோம். பேசியதில் என் குரல்தான் பெரிசு.

வந்த முதல் நாளே அவர் என் மேஜைமேல் இருந்த ரப்பரை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"லெவல் புக்குல அழிக்கக் கூடாது வரதராஜன். தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு போடுங்க. கோட்டுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி இனிஷியல் போடுங்க."

இன்னொரு விதியும் சொன்னார். எங்கள் பக்கத்தில் அங்கங்கே உயரம் தெரிந்த குறிகள் உண்டு. பழைய சிறுபாலத்தின் கட்டைச் சுவரிலோ அணைக்கட்டின் கல்லிலோ உளியால் ஓர் அம்பு வெட்டியிருப்பார்கள். அதன் உயரம் ஆபீஸ் ரிஜிஸ்தரில் இருக்கும். எந்த அளவையும் அப்படி ஒரு குறியில்தான் தொடங்க வேண்டும். "கிளம்பின கல்லுலயே திரும்பி வந்து முடிக்காதீங்க. வேற கல்லுல போய் முடிங்க" என்பார் மேடம். நியாயம்தான். கிளம்பிய கல்லிலேயே தப்பு இருந்தால், அங்கேயே திரும்பி வந்து முடிக்கிறவனுக்கு அது ஜென்மத்துக்கும் தெரியாது. வேறு கல்லில் போய் முடித்து, வந்த எண்ணும் ரிஜிஸ்தர் எண்ணும் ஒத்துப்போனால்தான் வேலை சுத்தம். தொடங்குமுன் அம்பின் பள்ளத்தைக் கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பதும் அவர் வழக்கம். எங்களையும் தடவச் சொல்வார்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார். பிறகு சும்மா இருப்பார். ஃபிளாஸ்கைத் திறந்து, ஸ்டாஃப் பிடித்த ஆளுக்கு முதலில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, தனக்குக் கடைசியாக ஊற்றிக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பார். அந்த அமைதியைத் தாங்காமல் நாமே எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம். கத்துகிற ஆபீசர்களை நான் எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறேன். இவரிடம் என் பருப்பு வேகவில்லை.

உத்திரமேரூருக்கு மேற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். செய்யாற்று அணைக்கட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் வரத்துக்கால்வாய் வந்து அந்த ஊர் ஏரியில் சேர வேண்டும். வருஷக் கணக்கில் ஒரு சொட்டு வரவில்லை. கால்வாயில் வேலிக்காத்தான் முட்செடி மண்டிக் கிடந்தது. மேல் பகுதி மூன்று கிலோமீட்டரை முந்தைய வருஷம் மெஷின் வைத்து வாரியாகிவிட்டது. ரோட்டைத் தாண்டி ஏரிவரைக்கும் உள்ள கடைசி ஒரு கிலோமீட்டர் பாக்கி. அதை ஊர் தன் உழைப்பாகச் செய்து தர வேண்டும் என்று ஏற்பாடு. பெரியவர்கள் யாரும் வரவில்லை. மேடம் இளவட்டங்களைத் தேடிப் போனார்.

தேடவே வேண்டியதில்லை. அவர்கள் கால்வாய்க்குள்தான் இருந்தார்கள். தண்ணீர் வராத கால்வாயின் அகலமான ஒரு இடத்தில் பிட்ச் போட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடம் நேராகப் போய் நடுவில் முக்காலியை ஊன்றச் சொன்னார்.

கேப்டன் ஏகாம்பரம் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். "மேடம், அது மிட்விக்கெட்டு! பால் வந்து மூஞ்சில அடிச்சிக்கும், அப்டிக்கா நவுருங்க."

"இது வரத்துக்கால்வா. நீதான் நவுரணும்" என்றார் மேடம்.

அவன் சிரித்துவிட்டான். பிறகு டம்பிக்குள் பார்க்கலாமா என்று கேட்டான். தன் டீம் முழுக்கத் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்து, "டேய், எல்லாரும் அவுட்டுடா!" என்று கத்தினான். வேலைக்கு ஆள் சேர்ந்தது அப்படித்தான். ஒரு வாரத்தில் முப்பது பேர். அதில் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி கோமளா.

கோமளா பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். கணக்கில் கெட்டி. நான் எண்ணைச் சொல்லி முடிக்குமுன் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுவாள். அடுத்த ஜூனில் பாலிடெக்னிக்கில் சிவில் சேர வேண்டும் என்று ஆசை. அவள் அப்பா கன்னியப்பன் டிராக்டர் ஓட்டுகிறவர். விடியற்காலை ஊருக்குள் வந்து பெண்களை ஏற்றிப்போகும் ஷூ கம்பெனி வேனில் அவளை அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. மேடம் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினார்.

"ஆறு, ஏரிய சீர் பண்றதே ஒரு வேலைங்க. இனிமே அதுக்குப் படிச்ச ஆளுங்க நெறைய வேணும்."

"சேறு வார்றதுக்குப் படிப்பு இன்னாத்துக்கு மேடம்?" என்றார் கன்னியப்பன்.

"எவ்ளோ ஆழம் வார்றதுன்னு தெரியறதுக்கு."

கன்னியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, இந்தக் கால்வாய்ல தண்ணி வரட்டும். வந்திச்சின்னா படிக்கட்டும். இல்லாங்காட்டி வேன்ல ஏறணும்" என்றார். கோமளா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் அளக்கப் போனோம். மேடத்துக்கு அன்று காஞ்சிபுரத்தில் மீட்டிங். நான், கோமளா, ஏகாம்பரம் மூன்று பேர். ஊர் முனைச் சிறுபாலத்துக் கட்டைச் சுவரில் வெள்ளை அம்பு பளிச்சென்று இருந்தது. ரோடு போட்டபோது பாலத்துக்குப் புதிதாகக் கறுப்பு வெள்ளைப் பட்டையெல்லாம் அடித்திருந்தார்கள். நான் விரலால் தடவிப் பார்க்கவில்லை. எத்தனை முறை தொட்ட கல், இதில் என்ன தடவல் என்று நினைத்தேன். அங்கே தொடங்கி, ஏரி வாய் வரைக்கும் அளந்து, திரும்பி, கால்வாய் ரோட்டுக்கு அடியில் நுழையும் குழாய்வரை வந்தபோது உச்சி வெயில். இனி அங்கிருந்து அணைக்கட்டுக் கல்லுக்குப் போய் முடிக்க வேண்டும். மூன்று கிலோமீட்டர். முப்பது முறை முக்காலியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும்.

"அண்ணா, நாஷ்டாகூடத் துன்னல" என்றான் ஏகாம்பரம். எனக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "போதும், வூட்டுக்குப் போங்க" என்று இருவரையும் அனுப்பிவிட்டேன்.

பிறகு ஒரு புங்க மர நிழலில் உட்கார்ந்து, அணைக்கட்டுக் கல்லுக்குப் போயிருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, போய் அளந்ததுபோலக் கடைசி வரியை எழுதினேன். அச்சாகப் பொருந்தினால் மேடத்துக்குச் சந்தேகம் வரும் என்று நாலு மில்லிமீட்டர் தள்ளி எழுதினேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. சோம்பேறித்தனத்தைக்கூட மன்னிக்கலாம். அந்த நாலு மில்லிமீட்டர் திருட்டுப் புத்தி.

மறுநாள் மேடம் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "நாலு மில்லிதானா? நல்லா வந்திருக்கே வரதராஜன்!" என்று வாய்விட்டுப் பாராட்டினார். நானும் கூச்சப்படுவதுபோலச் சிரித்து வைத்தேன்.

அந்தப் புத்தகத்தை வைத்து, வெட்ட வேண்டிய ஆழம் குறித்த முளைக்குச்சிகளை அடித்தேன். பிள்ளைகள் புரட்டாசி முழுக்க வெட்டினார்கள். வேலிக்காத்தானை வேரோடு பிடுங்கினார்கள். கையெல்லாம் முள். ஒருவன் பிட்ச் போன துக்கத்துக்கு ஸ்டம்ப்புக்கு மாலை போட்டு ஒப்பாரி வைத்தான். ஊரே வந்து சிரித்தது. கோமளா ஒவ்வொரு குச்சியிலும் ஆழத்தைச் சரிபார்த்து, ஒரு விரற்கடை குறைந்தாலும் மறுபடி வெட்டச் சொல்வாள். "இவ ஒர்த்தி, பேஜாரு" என்று பையன்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் வெட்டுவார்கள்.

ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. அணைக்கட்டுக் கதவைத் திறந்தார்கள். மேல் கால்வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஓடி வந்த தண்ணீர், ரோட்டுக்கடிக் குழாயைத் தொட்டு நின்றது. நின்றது நின்றதுதான். இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பின்னால் தேங்கி, பக்கத்துக் கழனியின் நாற்றங்காலை மூழ்கடித்தது. கரையை வெட்டி, வந்த தண்ணீரை மறுபடியும் ஆற்றுப் பக்கமே வடித்துவிட்டார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "பசங்க கிரிக்கெட் ஆடற எடத்த வோணும்னே மேடா வுட்டுட்டானுங்க." "பொம்பளப் புள்ளைய வுட்டு மட்டம் பாத்தா இப்டித்தான்." கோமளா காதுபட இதைச் சொன்னார்கள். கன்னியப்பன் திங்கட்கிழமை வேனில் இடம் இருக்கிறதா என்று டிரைவரைக் கேட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை கோமளா உத்திரமேரூருக்கு பஸ் ஏறி என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். கூட ஏகாம்பரம். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "அண்ணா, இன்னொரு வாட்டி அளக்கலாம். ஆரம்பத்துல இருந்து."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சிறுபாலத்தில் தொடங்கி மெல்ல மெல்ல அணைக்கட்டுவரை போனோம். ஏகாம்பரம் தண்ணீர் கொண்டு வரப் போயிருந்தான். கோமளா அணைக்கட்டுக் கல்லில் ஸ்டாஃபை வைத்தாள். நான் படித்தேன், கணக்குப் போட்டேன். ரிஜிஸ்தர் சொல்வதைவிடக் கல் ஒரு அடி தாழ்ந்திருப்பதாக வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் ஒரு அடி.

ஸ்டாஃபைத் தோளில் போட்டுக்கொண்டு கோமளா என்னிடம் வந்தாள். "கல்லு எப்படிண்ணா ஒரு அடி எறங்கும்?" என்று கேட்டபடி புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். ஆவணியில் எழுதிய பக்கத்தைப் புரட்டினாள். கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

"இதுல அணைக்கட்டுக் கல்லுன்னு எழுதிகீது." என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு நாம இங்க வரவேயில்லியேண்ணா."

நான் குனிந்து டம்பியை முக்காலியிலிருந்து கழற்றினேன். அவளும் ஸ்டாஃபை மடக்கிக் கட்டினாள்.

கல் இறங்காது, மாறியது பாலத்துக் குறியாகத்தான் இருக்கும் என்று திரும்பி வந்து சிறுபாலத்தைச் சுரண்டிப் பார்த்ததும் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. பாலத்தைப் புதுப்பித்தவர்கள் கட்டைச் சுவர்மேல் மூன்று வரிசை செங்கல் ஏற்றிப் பூசியிருந்தார்கள். பழைய அம்பு உள்ளே புதைந்துவிட்டது. பெயின்ட் அடித்த புண்ணியவான், முன்னே ஒரு அம்பு இருந்ததே என்று அக்கறையாகப் புதுச் சுவர்மேல் அதே இடத்தில் அம்பு வரைந்து வைத்திருக்கிறார். குறி ஒரு அடி உயர்ந்துவிட்டது. அதிலிருந்து கணக்கிட்டு வெட்டிய கால்வாயின் தரையும் ஒரு அடி உயரத்திலேயே நின்றுவிட்டது. விரலால் தடவியிருந்தால் பள்ளமில்லாத வெறும் பெயின்ட் என்று அன்றே தெரிந்திருக்கும்.

"அப்போ நம்ம தப்பே இல்ல! பெயின்ட்டுக்காரன் தப்பு!" என்று ஏகாம்பரம் குதித்தான். கோமளா குதிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட வராந்தாவில் ஊர்க்கூட்டம். பஸ்ஸில் போகும்போது நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். பாலத்துக் குறி மாறிவிட்டது, பெயின்ட்டுக்காரர் செய்த குளறுபடி, யாரையும் குறை சொல்ல முடியாது. இதில் பொய் ஒரு எழுத்தும் இல்லை. கடைசி வரியைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை.

மேடம் லெவல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரம் பாலத்துக் கதையைச் சொன்னான். நான் தலையாட்டினேன். நாற்று போன கழனிக்காரர்கூட, "அட, அதான் சமாச்சாரமா" என்று தணிந்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து பெயின்ட்டுக்காரரைத் திட்டத் தொடங்கினார்கள்.

"வேற யாராச்சும் ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் மேடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஃபிளாஸ்கைத் திறந்து கோமளாவுக்கு முதலில் டீ ஊற்றினார். அப்புறம் சும்மா இருந்தார்.

அப்போது கன்னியப்பன் எழுந்தார். கோபமெல்லாம் இல்லை, அலுத்துப்போன குரல். "ஒண்ணு சொல்றேன் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இத்தினி பேரு கண்ணாடி வச்சிப் பாத்தீங்க, கோலு வச்சி அளந்தீங்க. எவனோ ஒருத்தன் பெயின்ட்டு அடிச்சதுல எல்லாம் பூட்ச்சி. அப்போ இந்தப் படிப்பு இன்னாத்துக்கு? இத்தப் படிச்சி எம்பொண்ணு இன்னா கண்டுபுடிக்கப் போறா? நாளைக்கு வேன்ல ஏறட்டும்."

கோமளா டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கெஞ்சவுமில்லை, முறைக்கவுமில்லை. வெறுமனே பார்த்தாள். அவர் சொல்வது தப்பு என்று அந்த வராந்தாவில் நிரூபிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். எழுந்தேன்.

"கன்னியப்பா, கண்டுபிடிச்சிருக்க முடியும். இதைக் கண்டுபிடிக்கத்தான் வேற கல்லுல போய் முடிக்கணும்னு மேடம் விதி வச்சிருக்காங்க. அன்னிக்கு நான் அணைக்கட்டுக்குப் போகல. வெயில்னு பிள்ளைங்கள அனுப்பிட்டு, போனதா எழுதிட்டேன். போயிருந்தா அரை நாள்ல தெரிஞ்சிருக்கும். உன் பொண்ணு நேத்துப் போனா. தெரிஞ்சிடுச்சி."

ஏகாம்பரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முள் குத்திச் சீழ் வைத்த கை. "ஒரு மாசம் வெட்னோமேண்ணா" என்றான். அதற்கு அவன் நாலு அறை விட்டிருக்கலாம்.

கன்னியப்பன் மெல்லக் கேட்டார். "அப்போ தப்பு படிப்புல இல்ல?"

"இல்ல. என்கிட்டதான்."

மேடம் புத்தகத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். பேனாவின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. "ஒரு கோடு போடுங்க வரதராஜன்." போட்டேன். பக்கத்தில் 'நேரில் அளக்கவில்லை' என்று எழுதி இனிஷியல் போட்டேன். அதற்குக் கீழே அவர் தன் இனிஷியலையும் போட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "மழை விட்டிருக்கு. இன்னும் ஒரு அடி வெட்டணும். யார் யார் வர்றீங்க?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். ஆபீஸில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வர வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன்.

யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் முதலில் வந்தது கன்னியப்பன், தன் டிராக்டரோடு. வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஏகாம்பரம் ஒரு மண்வெட்டியைக் கொண்டு வந்து என் கையில் திணித்தான். "நீங்க அந்த முனை, இன்ஸ்பெட்டரு சார். இன்னிக்கு வெயில்னு வூட்டுக்குப் போவக்கூடாது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் சிரித்ததில்லை. பெரியவர்களும் சேர்ந்துகொண்டதால் எட்டு நாளில் வெட்டி முடித்தோம். என் கையில் கொப்புளம் வராத விரல் இல்லை.

அடுத்த மழையில் மறுபடி கதவைத் திறந்தார்கள். நாங்கள் எல்லோரும் குழாய் வாயில் நின்றோம். முதலில் காய்ந்த இலையும் குப்பையும் வெளியே வந்தன. அப்புறம் சிவப்பாக ஒரு விரல் பருமனுக்குத் தண்ணீர். அப்புறம் குழாய் நிறையக் கொட்டியது. ஏகாம்பரம் தண்ணீருக்கு முன்னால் கால்வாய்க்குள் இறங்கி ஏரியைப் பார்க்க ஓடினான். "வந்துகினு கீதுடோய்! வந்துகினு கீது!" பழைய பிட்ச்சைத் தாண்டும்போது தண்ணீர் அவன் குதிகாலைப் பிடித்துவிட்டது. கோமளா முளைக்குச்சி ஒவ்வொன்றையும் தண்ணீர் எவ்வளவு மூடுகிறது என்று பார்த்துக்கொண்டே கரையில் நடந்தாள். கன்னியப்பன் என் பக்கத்தில் நின்று, "இந்தப் பாலிடெக்னிக்கு எங்க சார் கீது?" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

அந்த முப்பது பேரில் பாதிப் பேர் வேறு வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். ஷூ கம்பெனிக்குப் போனவர்களும் உண்டு. ஒரு பையன் குடிநீர் சோதிக்கும் லேபில் இருக்கிறான். ஒரு பெண் ஆற்றங்கரை மரக்கன்றுகளுக்கு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாள். ஏகாம்பரம் மண்வாரும் மெஷின் ஓட்டுகிறான். மட்டம் போட்டுக் காட்டாமல் ஒரு பக்கெட் மண் எடுக்க மாட்டான் என்று கான்ட்ராக்டர்கள் அவனைக் கரித்துக்கொட்டுகிறார்கள். கோமளா சிவில் படித்து, ஆறு ஏரிகளைச் சீர் செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இன்ஜினியர். நஸீமா மேடம் பெரிய ஆபீசராகித் தெற்கே போய்விட்டார். வருஷா வருஷம் ரம்ஜானுக்கு நான் போன் செய்வேன், பொங்கலுக்கு அவர் செய்வார்.

இத்தனை வருஷமாக எனக்கு ஒரு ரகசியப் பெருமை இருந்தது. தப்புச் செய்தேன்தான், ஆனால் யாரும் கேட்காமல், நானாக எழுந்து சொன்னேன் என்பதுதான் அது.

இனி, முகாமில் டீ குடிக்கும்போது கோமளா சொன்னது.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா மனசுல கீது. அன்னிக்கு அணைக்கட்டுல இருந்து வந்தோம் இல்ல, அன்னிக்கு சாயங்காலமே பூத்துல இருந்து மேடத்துக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"கடைசி வரியப் பத்தியுமா?"

"அதுக்குத்தாண்ணா பண்ணதே."

"மேடம் இன்னா சொன்னாங்க?"

"'யார்கிட்டயும் சொல்லாத. நாளைக்குப் பன்னண்டு மணி வரைக்கும் அவருக்கு டைம் குடுப்போம். அவரே சொல்லுவாரு'ன்னாங்க. சொல்லலன்னா இன்னா பண்றது மேடம்னு கேட்டேன். 'அப்போ நீ எழுந்து சொல்லணும். நீதான் அங்க இருந்தவ'ன்னாங்க." கோமளா சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. "அந்த டீயக்கூட என்னால குடிக்க முடியலண்ணா. நீங்க எழுந்தீங்க பாரு, எனக்கு அயுகையே வந்துட்ச்சி."

அந்தப் பார்வை, கடிகாரம், மூடி திறந்த பேனா எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினெட்டு வயசுப் பெண்ணும் இருபத்தைந்து வயசு ஆபீசரும் என் மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். நான் என்னவோ பெரிய மனசு பண்ணி எழுந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெட்கம் போய், இவர்கள் இருவருக்கும் நான் என்ன செய்துவிட்டேன் என்று இவ்வளவு நல்லவர்களாக என் வழியில் வந்தார்கள் என்றுதான் தோன்றியது.

உள்ளே திரும்பிப் போய் அந்தக் கண்ணாடிப் பையனைத் தேடினேன். நான் சொன்னதை அவன் நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தான்: 'தண்ணீர் சொல்லிவிடும்.' பேனா வாங்கி அதன்மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில், 'கூட இருந்தவருக்குத் தெரியும். அவர் சொல்லுமுன் நீ சொல்லிவிடு' என்று எழுதி இனிஷியல் போட்டேன். அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். அவனுக்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

அன்று சாயங்காலமே மேடத்துக்குப் போன் செய்தேன். ரம்ஜானும் இல்லை, பொங்கலும் இல்லை. கோமளா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றேன். வெட்கப்பட்டதையும் சொன்னேன். மேடம் வழக்கம்போலக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"எதுக்கு இவ்ளோ வருத்தம் வரதராஜன்?" என்றார் பிறகு. "நீங்க எழுந்து நின்னப்போ நான் கடிகாரத்தப் பாத்தேன். பன்னண்டுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்துச்சு."